ஐஸ்லாந்து வாக்கெடுப்பும் எங்கள் வீட்டுத் தர்க்கமும்

1

வாக்கெடுப்பு நடக்கும்வரை அவர் இருப்பார் என்றுதான் நாங்கள் நம்பினோம். வைத்தியரும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லியிருந்தார். கோடையைக் காண்பார், இலையுதிர் காலத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். வாக்கெடுப்பு கோடையின் கடைசியில் வருகிறது. ஆகவே காலம் போதும் என்று நினைத்துக்கொண்டோம்.

அது நாங்கள் வாழும் சுவிற்சர்லாந்தின் வாக்கெடுப்பு அல்ல. இங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எதையாவது கேட்டு வீட்டுக்குக் கடித உறை வரும். அதற்காக யாரும் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதில்லை. இது ஐஸ்லாந்தின் வாக்கெடுப்பு. எங்கள் ஒரே மகள் ஜெனி படிக்கவென்று அங்கே போனவள், அங்கேயே தங்கி அந்நாட்டுப் பிரசையாகிவிட்டாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சுவார்த்தையை மறுபடி தொடங்கலாமா, வேண்டாமா என்று அந்தச் சிறிய நாடு தன் மக்களைக் கேட்கிறது. தொடங்கலாம் என்ற பக்கத்துக்காக ஊர் ஊராகப் போய்க் கூட்டம் வைக்கும் ஒரு குழுவில் அவள் வேலை செய்கிறாள்.

என் கணவர் பிலிப்புக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று ஈஸ்டருக்குச் சற்று முன்னர் தெரியவந்தது. வைத்தியசாலையிலிருந்து திரும்பும் ரயிலில் அவர் சொன்ன முதல் வார்த்தை மகளைப் பற்றியது.

“ஜெனிக்கு இப்ப சொல்லாத. வாக்கெடுப்பு முடியட்டும்.”

அவள் வேலை கெட்டுவிடும் என்ற கவலையா என்று கேட்டேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

“நோய் எண்டு தெரிஞ்சா, தர்க்கத்தில எனக்கு விட்டுக்குடுத்துப்போடுவாள்.”

நேற்று பக்கத்து நகரமான வின்டர்தூரில் அவருடைய முப்பத்தோராம் நாள் பூசை நடந்தது. வாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை.

2

தர்க்கம் என்று அவர் சொன்னது ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியை. பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்தபின் அவர் கதிரையை யன்னலோரம் இழுத்துப் போடுவார். ஜெனி அழைப்பாள். சுகம் விசாரிப்பது ஒரு நிமிடம்கூட நீடிக்காது.

வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே அவருக்கு அது பெரும் வேடிக்கையாக இருந்தது. ஒன்றியத்தில் சேர்வதா என்பதல்ல கேள்வி, சேர்வதைப் பற்றிப் பேசலாமா என்பதே கேள்வி என்று அவள் விளக்கியபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அப்ப இது கலியாணமில்லை பிள்ளை. சம்பந்தம் கதைக்கலாமோ எண்டு ஊரைக் கூட்டிக் கேக்கிறியள். அதுவும் முந்தி ஒருக்காக் கதைச்சு, இடையில விட்ட சம்பந்தம்.”

“நாட்டுக்கு வயது போகுதெல்லோ அப்பா, ஆராவது கதைக்கத்தானே வேணும்” என்றாள் அவள்.

“சீதனம் என்ன கேப்பினம் எண்டு தெரியுமோ? கடலைக் கேப்பினம்.”

கடல் என்ற சொல் வந்ததும் பகிடி நின்றுவிடும். அவர் யாழ்ப்பாணக் கரையிலுள்ள குருநகரில் பிறந்தவர். அவருடைய தகப்பனுக்கு ஒரு வள்ளமும் பங்கில் ஒரு வலையும் இருந்தன. ஓர் ஆண்டு, தலைநகரில் இருந்த யாரோ, யாழ்ப்பாணக் கடலில் இனித் தொழிலுக்கு இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கடல் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடுதூரத்தில் கிடந்தது. இறங்கியவர்களைச் சுட்டார்கள். அந்தத் தகப்பன், என் மாமா, வள்ளத்தைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தினமும் காலையில் அதன் நிழலில் போய் உட்கார்ந்திருப்பாராம். மீன்பிடிக்கும் உரிமையைத் தூரத்து நகரமொன்றின் மேசைக்கு அனுப்பக் கூடாது என்பதில் ஐஸ்லாந்தின் மீனவர்களுக்கும் என் கணவருக்கும் இடையே கருத்து வேறுபாடே இருக்கவில்லை. அந்த மீனவர்களில் ஒருவரையும் அவர் கண்டதில்லை.

ஜெனியின் பக்கமும் வலுவானதே. ஒன்றியம் எழுதும் சட்டங்களில் பெரும்பகுதி இப்போதே தங்கள் நாட்டுக்கும் வந்துவிடுகிறது, எழுதும் மேசையில்தான் தங்களுக்குக் கதிரை இல்லை என்பாள். வீட்டுக் கடனின் வட்டி அங்கே மனிதரை எப்படித் தின்கிறது என்பாள். பெரிய வல்லரசுகள் வடகடலை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்ட காலத்தில், இராணுவமே இல்லாத ஒரு தீவு தனியே நிற்க முடியுமா என்பாள்.

“தனிய நிண்டா என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாதோ அப்பா? எங்களுக்காகக் கதைக்க ஆர் இருந்தவை?”

இதற்கு அவர் அடுத்த ஞாயிறுக்குள் ஒரு பதிலைத் தயார்செய்துவிடுவார். கிழமை நாட்களில் என்னைக் கொண்டு நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுப்பித்து, ஜெர்மன் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கொட் மீனைப் பற்றியும் கடல் எல்லைகளைப் பற்றியும் படித்தார். வயிற்றுக்குள் சோறு தங்காமற்போன பின்னரும் படித்தார்.

3

இந்தப் பிள்ளைக்கு வாக்கெடுப்பில் ஏன் இத்தனை பிடிப்பு என்று உறவினர் கேட்பதுண்டு. அது தொடங்கிய இடத்தில் நானும் நின்றேன்.

நாங்கள் இருப்பது வின்டர்தூருக்கு அப்பால், மாநில எல்லையைத் தாண்டியதும் வரும் ஒரு கிராமம். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, கடைசித் தீர்மானத்தைக் கிராமசபைக் கூட்டம் எடுக்கும் என்றார்கள். ஊர் மக்கள் மண்டபத்தில் கூடுவார்கள்; பாதைக்கும் பாடசாலைக் கூரைக்கும் எவ்வளவு செலவிடலாம் என்று கையுயர்த்தி முடிவு செய்தபின், எங்களுக்கும் கையுயர்த்துவார்கள். விண்ணப்பித்தவர்கள் அந்நேரம் வெளியே நிற்க வேண்டும்.

நடைவழியில் நின்றோம். மண்டபத்துக்குக் கண்ணாடிக் கதவு. ஜெனி அப்போது சிறுபிள்ளை. கண்ணாடியில் நெற்றியை முட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவரும் சுவரில் தொங்கிய பழைய தீயணைப்புப் படையின் படத்தைப் பார்த்தபடி நின்றோம். கதவு திறந்தபோது செயலாளர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள்:

“அம்மா, ஏன் எதிர்வீட்டு ஐயா கையத் தூக்கேல்ல? நத்தாருக்கு எங்கட ரோல்ஸ் சாப்பிட்டவர்தானே?”

நாங்கள் ஊரில் எந்தச் சங்கத்திலும் இல்லை, ஆகவே எங்களை யாருக்கும் தெரியாது என்பதே எங்களை மறுத்ததற்குக் காரணம் என்று பின்னர் அறிந்தோம். அடுத்த மாதமே இவர் ஆற்று மீன்பிடிச் சங்கத்தில் சேர்ந்தார். ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் நடத்தும் மீன்பொரியல் விழாவில் இவர் மீன் வெட்டும் வேகத்தைப் பார்த்து ஊரே சுற்றி நின்றது. சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறை கண்ணாடிக்கு வெளியே நின்றபோது எதிர்வீட்டுக்காரரின் கையும் உயர்ந்தது. “எங்களுக்கு உயர்ந்த கையெல்லாம் மீன் மணக்கும்” என்று என் கணவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஜெனி மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

அவர் வாக்கை நம்பியவரல்லர். இளைஞனாக அவர் போட்ட முதல் வாக்கு, தனிநாடு கேட்டு எங்கள் சனம் ஒரே குரலாகப் போட்ட வாக்கு. அதன்பின் என்ன வந்ததென்று இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பிரசையான நாளிலிருந்து ஒரு கூட்டத்தையும் அவர் தவறவிடவில்லை. வயது வந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு போவார். முன்வரிசையில் மூவரும் உட்காருவோம். பாதைக்குப் பணம் ஒதுக்கும்போதுகூட அப்பனும் மகளும் எதிரெதிராகக் கையுயர்த்திவிட்டு, வீடுவரை தர்க்கப்பட்டுக்கொண்டு வருவார்கள்.

4

தூரத்தில் இருப்பவருக்குக் கெட்ட செய்தியை மறைப்பது எங்களிடையே அன்பின் ஒரு வடிவம். பரீட்சை முடியட்டும், பிரசவம் ஆகட்டும், விசா கைக்கு வரட்டும் என்று மரணங்களைக்கூடப் பொத்தி வைத்திருக்கிறோம். மறைப்பவர் நல்ல மனிதராகவே இருப்பார். மறைக்கப்பட்டவருக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

எனக்குத் தெரியும். நான் இங்கே அகதி விண்ணப்பம் கொடுத்து, விசாரணைக்காகக் கூர் என்ற நகரில் ஒரு முகாமில் காத்திருந்த காலத்தில் என் அம்மா ஊரில் இறந்துபோனார். செய்தி என் கணவருக்குத்தான் முதலில் வந்தது. விசாரணையில் நான் தடுமாறிவிடக் கூடாது என்பதற்காக அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. நான் அதிகாரியின் முன் உட்கார்ந்து, தாய் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் சொன்னேன். விசாரணை நன்றாக முடிந்தது. அதற்காக அவரோடு நான் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அந்த வாரங்களில் அம்மாவுக்கென்று நான் பின்னிய கம்பளிச் சட்டையை இன்றுவரை யாருக்கும் கொடுக்கவுமில்லை, பிரித்தெடுக்கவுமில்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் உறங்கிக்கொண்டிருந்தபோது, கொடியில் துணி காயப்போடும் சாட்டில் தோட்டத்துக்குப் போய் ஜெனியை அழைத்தேன். அவள் ஏதோ மீன்பிடித் துறைமுகத்தில், கூட்டம் தொடங்கக் காத்திருந்தாள். காற்றிரைச்சல் கேட்டது. நான் நோயின் பெயரைச் சொன்னேன்.

அவள் இங்கே வளர்ந்தவள். அழுவதற்கு முன் கேள்வி கேட்டாள். எந்தக் கட்டம், எந்த மருந்து, எந்த வைத்தியர். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

“நான் உடன வாறன்.”

“உனக்குத் தெரியாது எண்டு அவர் நினைச்சுக்கொண்டிருக்கிறார் பிள்ளை. திடீரெண்டு வந்து நிண்டா விளங்கிப்போடும். ஒரு சாட்டோட வா.”

கூட்டங்களுக்கு இடையே ஒரு கிழமை விடுப்பு எடுத்து, யூன் நடுப்பகுதியில் சாதாரணமாக வருவதுபோல் வருவாள் என்று தீர்மானித்தோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வழமைபோலவே இருக்க வேண்டும். அவள் ஒத்துக்கொண்டாள். அது அவளால் முடியாதென்பதை நானாவது உணர்ந்திருக்கலாம்.

5

அடுத்த ஞாயிறு அவர் கதிரையை இழுக்கவில்லை. நான் இழுத்துக் கொடுத்தேன். தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினேன். அவர் கடல் எல்லையைப் பற்றிப் புதிதாகப் படித்த ஒன்றைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக முதல் வசனம் முடிவதற்குள் “பொறுங்கோ அப்பா” என்று குறுக்கே விழுகிறவள், அன்று முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, அது சிந்திக்க வேண்டிய விடயம் என்றாள்.

அவர் தலையைச் சற்றுச் சரித்தார். தூண்டிலில் நூல் வித்தியாசமாக இழுபடும்போது அவர் தலை அப்படித்தான் சரியும். சற்று யோசித்தபின் மிகச் சாதாரணமான குரலில் சொன்னார்:

“யோசிச்சுப் பாத்தா, பெரிய நாடு எடுக்கிற முடிவைச் சின்னச் சனம் வாய்பொத்திக் கேட்டு நடக்கிறதுதான் ஒழுங்கு. என்ன சொல்லுறாய்?”

எங்கள் வீட்டில் யாருமே ஒருநாளும் சொல்லாத, சொல்லவே முடியாத வசனம் அது. வேறெந்த ஞாயிறாக இருந்திருந்தாலும் அவள் தொலைபேசிக்குள்ளிருந்து எழுந்து வந்திருப்பாள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில்:

“நீங்கள் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு அப்பா.”

அவர் அங்கே மழையா என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். நேரத்துக்குப் படு என்றார். அழைப்பு முடிந்ததும், கைகளை மடியில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“சொல்லிப்போட்டாய், என்ன?”

“ஓம்.”

அவர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். மடியில் கிடந்த அகராதியை மூடி என்னிடம் தந்து, புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்.

அதன்பின் வந்த ஞாயிறு தொலைபேசி அடித்தபோது, நித்திரை என்று சொல்லச் சொன்னார். விழித்தபடி படுத்துக்கொண்டுதான் சொன்னார். வைத்தியர் கோடை என்று சொன்னது ஏதோ வேறொரு மனிதரைப் பற்றியதுபோல் ஆயிற்று. கிழமை முடிவதற்குள் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். யூன் நடுப்பகுதி வருவதற்கு முன்னரே, எந்தச் சாட்டும் இல்லாமல், ஜெனி விமானமேறி வந்தாள்.

6

அவள் வந்து சேர்ந்தபோது அவர் பேச்சைக் கடந்துவிட்டிருந்தார். வலிக்குக் கொடுத்த மருந்தில், வாய் சற்றுத் திறந்தபடி, மூச்சு மட்டும் சீராகப் போய்வந்துகொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் அழுதாள். அப்பா, அப்பா என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் பிற்பகல்வரை நான் பொறுத்தேன்.

“அழுதது காணும். அண்டைக்கு விட்டுக்குடுத்தியெல்லோ, அதைத் திருப்பி எடு.”

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். அவர் வைத்த பரீட்சையை நான் அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். அவள் முகம் எப்படி மாறியது என்பதை எழுத எனக்கு மனமில்லை. எழுந்து போய் முகம் கழுவினாள். கதிரையைக் கட்டிலோரம், அவர் இழுத்துப் போடுவதுபோல், சத்தத்தோடு இழுத்துப் போட்டாள்.

“அப்பா, அண்டைக்கு நான் சொன்னது பொய். நீங்கள் சொன்னது முழுப் பிழை.”

சின்னச் சனம் ஏன் வாய்பொத்தி இருக்க வேண்டும் என்று கேட்டாள். மேசையில் கதிரை கேட்பது கெஞ்சுவதா என்று கேட்டாள். வட்டி என்ற சொல் தமிழில் வராமல் சின்ஸ் என்று ஜெர்மனில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் தவறினால் அவர் எடுத்துக் கொடுப்பார், அதற்காக ஒரு கணம் நிறுத்தினாள், பிறகு தானே தொடர்ந்தாள்.

“அப்பப்பான்ர கடலை ஆரும் சம்பந்தம் கதைச்சு எடுக்கேல்ல. கேக்காமலே எடுத்தவங்கள். கேக்கிறவனோட கதைக்கலாம் அப்பா. கேக்காதவனுக்குத்தான் பயப்பிடவேணும். இதுக்குப் பதில் சொல்லுங்கோ.”

தாதி எட்டிப் பார்த்தாள். அழுகைக்கும் செபத்துக்கும் பழகியவள். இப்படி ஒன்றைக் கண்டிருக்கமாட்டாள். எல்லாம் சரியா, யாரையாவது அழைக்கட்டுமா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். அப்பாவும் மகளும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவர் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. விரல் அசைந்தது, கண்ணோரம் ஈரம் தெரிந்தது என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மூச்சு போனது, வந்தது. அவள் தொண்டை கட்டும்வரை பேசினாள். மறுநாள் மதியம், அவள் கோப்பி வாங்கக் கீழே போயிருந்தபோது, அவர் போனார்.

7

இங்கே ஒருவர் இறந்தால் அலுவலகங்கள் மிகவும் மரியாதையாக நடந்துகொள்ளும். மேசைக்கு அப்பாலிருந்த இளம்பெண் முதலில் எழுந்து கை கொடுத்தாள். பிறகு பிறந்த இடத்தின் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னாள். குருநகர் என்பதை எழுதி, நாடு என்று கேட்டாள். கல்லறைக்கு இங்கே காலவரை உண்டு. அது முடிந்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கி, அப்போது யாருக்கு அறிவிப்பது என்றாள். ஜெனி ஐஸ்லாந்து முகவரியைக் கொடுத்தாள்.

அடக்கத்துக்கு மீன்பிடிச் சங்கத்தார் அனைவரும் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர், இப்போது கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதவர், மண் போட்டுவிட்டு நெடுநேரம் நின்றார்.

ஜெனி ஒரு கிழமை என்னோடு இருந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். இந்த வயதில் மூன்றாவதாக ஒரு மொழியில் பாண் வாங்கப் பழக என்னால் முடியாது என்றேன். போகும் நாளில், ஸ்டேஷன் மேடையில் நின்றபடி, வாக்கெடுப்பு எப்படி முடியுமென்று நினைக்கிறீர்கள் அம்மா என்று கேட்டாள். தெரியாது என்றேன். முடிவு எதுவானாலும் அதைச் சொல்லி வம்பிழுக்க இனி ஆள் இல்லை என்றாள். வம்பு என்ற சொல்லைச் சரியாகவே சொன்னாள்.

அவள் போன கிழமை கிராமசபைக் கூட்டம். போவதில்லை என்றுதான் இருந்தேன். நேரம் நெருங்கியதும் கால்கள் சப்பாத்தைத் தேடின. கறுப்புச் சேலையோடு போய், எங்கள் வழக்கமான முன்வரிசையில் உட்கார்ந்தேன். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் எரித்திரிய நாட்டுக் குடும்பமொன்றின் குடியுரிமை விண்ணப்பம் இருந்தது. அவர்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அப்பால், வெள்ளைச் சால்வை போர்த்திய அந்தப் பெண் சுவரில் தொங்கும் தீயணைப்புப் படையின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆதரிப்பவர்கள் கையுயர்த்தலாம் என்றார் தலைவர். நான் உயர்த்தினேன். கைகளை எண்ணுபவர் வரிசை வரிசையாக வந்தார். எங்கள் வரிசையருகே வழக்கம்போல் நின்று, என் இரு பக்கமும் வெறுமையாகக் கிடந்த கதிரைகளைப் பார்த்தார். பிறகு, ஒன்று என்று குறித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.